ஒரு பிவிசி ஐரிஷ் குழலின் தலைப்பகுதி: நிகழ்வு ஆய்வு

முதலில் குழலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு கைவினைஞர் முக்கால் அங்குல பிவிசி தண்ணீர்க் குழாயில் செய்தது. டி சுருதி (டி, ஏ, பி எல்லாம் மேற்கத்திய சுரப்பெயர்கள்), ஆறு விரல்துளை, துளையை மூடித் திறக்கும் சாவி எதுவும் கிடையாது, ஊதுதுளை இருக்கும் தலைப்பகுதி தனியே கழன்று வரும். ரீல், ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டுகள் வாசிப்பதற்கென்றே செய்தது. இதை வைத்திருந்த நண்பர் பல வருஷமாக அந்த இசையை வாசிப்பவர், மரக்குழலும் அவரிடம் உண்டு. பயணத்துக்குப் பிளாஸ்டிக் இருந்தால் வெயில், மழை, விமானம் எதற்கும் பயப்பட வேண்டாமே என்று வாங்கியிருக்கிறார். வாங்கிய பிறகு வாசிக்கவே பிடிக்கவில்லை என்று என்னிடம் கொடுத்தார்.

அவர் சொன்ன குறைகள் மூன்று. அடி டி சுரம் புஸ்ஸென்று காற்றோடு வருகிறது, அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடுகிறது. இரண்டாம் ஸ்தாயியில் மேலே போகப் போகச் சுருதி இறங்குகிறது, ஏ, பி இரண்டையும் உதட்டை உருட்டி, காற்றை ஏற்றி இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் மூச்சு. ஐரிஷ் மெட்டுகளில் மூச்சு விட என்று தனியாக இடைவெளி கிடையாது, எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ஒரு பகுதி முடிந்தால் அதே வேகத்தில் அடுத்தது ஆரம்பித்துவிடும், வாசிப்பவர் எங்கேயாவது ஒரு சுரத்தை விட்டுவிட்டுத்தான் மூச்சை இழுக்க வேண்டும். அதில் காற்றைக் குடிக்கிற குழல் கையில் இருந்தால் மெட்டு ஓட்டை ஓட்டையாகிவிடும்.

மூன்றுக்கும் அவர் கண்டுபிடித்த காரணம் ஒன்றே: "பிளாஸ்டிக் அல்லவா, இவ்வளவுதான்." இந்த எண்ணத்தைத்தான் நான் முதலில் எதிர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் பிளாஸ்டிக் என்பதாலேயே குறை என்று முடிவு கட்டிவிட்டால் சரிசெய்யவே யாரும் கை வைக்க மாட்டார்கள். 1971-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் இதைச் சோதித்துப் பார்த்தார். வெள்ளி, செம்பு, மரம் என்று மூன்று வகைக் குழாய்களில் ஒரே உள் அளவில் குழல்கள் செய்து, மூன்றுக்கும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் தலைப்பகுதி பொருத்தி, மறைவிலிருந்து வாசிக்கவைத்தார். கேட்டவர்களால் எது எந்தக் குழல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசித்தவர்களாலும் முடியவில்லை. உடம்பு என்ன பொருள் என்பதை விட, காற்று எந்த வடிவத்துக்குள் போகிறது, எந்த விளிம்பில் மோதுகிறது என்பதே பேசுகிறது. அந்த வடிவமும் விளிம்பும் பெரும்பாலும் தலைப்பகுதியில் இருக்கின்றன. கையால் குழல் செய்கிற பலர் விரல்துளைகளுக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியைக் கூட இந்த இடத்துக்குக் கொடுப்பதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம்.

சரி, ஏன் மரக்குழலில் இந்தத் தொல்லை வரவில்லை?

ஐரிஷ் குழல் என்று இன்று சொல்வது 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் ருடால் அண்ட் ரோஸ் போன்றவர்கள் செய்த மரக்குழலின் வழி வந்தது. அதில் தலைப்பகுதியின் உட்பகுதி ஏறக்குறைய 19 மி.மீ. விட்டத்தில் நேராக இருக்கும், அதற்குக் கீழே உடம்பு கூம்பு போலக் குறுகிக்கொண்டே போய் அடியில் 11, 12 மி.மீ. வரை வந்துவிடும். அந்தக் கூம்புதான் கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் ஒன்றோடொன்று பொருந்த வைக்கிறது. இன்னொன்று, மரத்தின் தடிமன். தலைப்பகுதியைச் சுற்றி 4, 4.5 மி.மீ. மரம் இருப்பதால், ஊதுதுளை போட்டவுடனே அதற்கு ஒரு ஆழம் இயல்பாகவே கிடைத்துவிடுகிறது.

ஜெர்மனியில் தியோபால்ட் போம் 1832-இல் செய்த குழலும் கூம்புதான். 1847-இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார்: உடம்பை நேர் உருளையாக்கிவிட்டு, குறுகலைத் தலைப்பகுதிக்குக் கொண்டுபோனார். உடம்போடு சேரும் இடத்தில் 19 மி.மீ., குழலின் மேல்முனையை மூடும் அடைப்பு இருக்கும் இடத்தில் 17 மி.மீ. இன்றைய வெள்ளிக் குழல்கள் எல்லாம் இந்த வழிதான். உருளை உடம்பு வைத்தால் தலையில் குறுகல் வேண்டும், தலை நேராக இருந்தால் உடம்பில் குறுகல் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் ஸ்தாயிகள் பொருந்தாது.

இப்போது பிவிசி குழலைப் பாருங்கள். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பியை லேத்தில் கடைந்து, உள்ளே கூம்பாகக் குடையும் ரீமர் விட்டுச் செய்கிற பிளாஸ்டிக் ஐரிஷ் குழல்களும் உண்டு. அவை மரக்குழலின் உள் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தண்ணீர்க் குழாயில் செய்வது வேறு கதை. அங்கே உடம்பும் உருளை, தலையும் உருளை. விரல் வைக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டு மரக்குழலுடையது, உடம்பு போமின் 1847 குழலுடையது, தலையில் மட்டும் இரண்டு பேர் செய்த வேலையும் இல்லை. நண்பரின் குழல் இந்த நிலையில்தான் இருந்தது.

வெர்னியர் வைத்து அளந்ததில் எல்லாம் அந்தக் குழாய்க்குரிய அளவுகளே: வெளிவிட்டம் 26.7, உள்விட்டம் 20.9, சுவர் 2.9 மி.மீ. ஊதுதுளை ட்ரில்லால் போட்ட வட்டம், குழலின் நீளவாக்கில் அரத்தால் லேசாக இழுத்துவிட்டது. விளிம்பைத் தடவிப் பார்த்தால் மழமழவென்று உருண்டிருந்தது, உப்புத்தாளில் அழகுக்காகத் தேய்த்திருக்கிறார்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ட்ரில் விட்ட பிசிறு துளையின் அடிவிளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நின்றது.

எதையும் அறுப்பதற்கு முன்னால் இரண்டு சோதனை. ஒன்று, காற்றுக்கசிவு. விரல்துளைகளை டேப்பால் ஒட்டி, அடியை உள்ளங்கையால் மூடி, ஊதுதுளையில் வாய்வைத்து உறிஞ்சினால் பிடிப்பு நிற்க வேண்டும், நின்றது. ஆக இணைப்பிலோ அடைப்பிலோ ஓட்டை இல்லை. இரண்டாவது, சுருதி காட்டும் ட்யூனரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரத்தையும் கீழ் ஸ்தாயியில் ஊதி, உதட்டைத் திருத்தாமல் அப்படியே மேல் ஸ்தாயிக்குத் தாவ விட்டுப் பார்ப்பது. டி-க்கும் மேல் டி-க்கும் இடையே கொஞ்சம்தான் குறைந்தது. ஜி-யில் அதிகமானது, பி-யில் முள் நன்றாகவே இடப்பக்கம், அதாவது தாழ்ந்த பக்கம், சாய்ந்தது. ஏதாவது ஒரு சுரம் மட்டும் தப்பியிருந்தால் அந்த விரல்துளையைச் சந்தேகிக்கலாம். சுரவரிசையில் மேலே ஏற ஏற ஒழுங்காக வித்தியாசம் வளர்ந்தால் குற்றவாளி தலைப்பகுதி. காற்றுத்தூணின் நீளம் குறையக் குறைய, அதில் தலையின் பங்கு கூடிக்கொண்டே போவதால் இப்படி வருகிறது.

நம்மூர் மூங்கில் குழலும் நேர் உருளை, மெல்லிய சுவர்தானே, அதில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கலாம். கர்நாடக இசையில் வாசிப்பவர் ஒவ்வொரு சுரத்தையும் உதட்டாலும் விரலாலும் வளைத்தே கொண்டுபோகிறார், சுருதிச் சரிசெய்தல் வாசிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஐரிஷ் ரீலில் சுரங்கள் ஓட்டமாக ஓடுகின்றன, பக்கத்தில் அக்கார்டியன் போன்ற சுருதி வளைக்க முடியாத வாத்தியம் வேறு இருக்கும். அங்கே உதடு இவ்வளவு வேலை செய்ய நேரம் இல்லை.

முதல் வேலையாக ஊதுதுளையின் ஆழத்தை எடுத்துக்கொண்டேன். உதட்டிலிருந்து வரும் காற்று, துளையைத் தாண்டி எதிர்விளிம்பில் மோதி, உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி அசைகிறது. அந்த விளிம்பின் கீழே இருக்கும் சுவர் 5 மி.மீ. அளவில் இருந்தால் கீழ் ஸ்தாயி கெட்டியாக நிற்கும். ஆழம் குறைந்தால் மேல் சுரங்கள் சுலபமாக வரும், ஆனால் அடிச்சுரங்களில் பிடிமானம் போய்விடும், காற்றும் விரயமாகும். ஆழம் மிகுந்தால் சத்தம் அடைத்துக்கொண்டு மேலே ஏற மறுக்கும். 2.9 என்பது ஐரிஷ் வாசிப்புக்குப் போதவே போதாது. அந்த இசையில் அடி டி என்பது மெட்டு வந்து இறங்குகிற தரை, அது கொஞ்சம் கரகரப்போடு அடித்து நிற்க வேண்டும்.

ஆழம் கூட்ட லேத்து வேண்டாம். அதே குழாயில் ஒரு துண்டை வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுப் பிளந்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் போதும். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். இளகியதை இடுக்கியால் எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு தலைப்பகுதியின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் சேணம் போல அப்படியே படிந்துகொள்ளும். தீயில் காட்டி வளைக்காதீர்கள், பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கு நல்லதில்லை. படிந்த துண்டின் ஓரங்களை வெட்டி, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பிளம்பர் பயன்படுத்தும் சால்வென்ட் சிமென்ட் தடவி ஒட்டினேன். அது வெறும் பசை போல இடையில் நிற்காது, இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், அதனால் நடுவில் காற்று போக இடமே இருக்காது. ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும், அதுவும் காற்றோட்டமான இடத்தில், அந்த வாடை போகாமல் வாய்வைக்கவே கூடாது.

2.9-உம் 2.9-உம் சேர்ந்து 5.8. அதை மேலிருந்து அரத்தால் ராவி 5-க்குக் கொண்டுவந்தேன். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சேணம் ஒட்டியதும் வெளிவிட்டம் பெரிதாகிவிடுவதால், எதிர்விளிம்புக்கு அப்பால் குழலின் மேற்பரப்பு தட்டையாகப் போகிறது, வெளியே போகும் காற்று அதன்மேல் உரசிக்கொண்டு போகும். ஆகவே எதிர்ப்பக்கத்தை மட்டும் சரிவாக ராவிவிட வேண்டும். உதடு உட்காரும் பக்கத்தைத் தொட வேண்டியதில்லை, அங்கே சேணத்தின் அகலம் தாடைக்கு நல்ல பிடிப்புத் தருகிறது.

அடுத்து துளையின் வடிவமும் விளிம்பும். சேணத்தின் வழியே பழைய துளையைத் தொடர்ந்து, அகலம் 10, நீளம் 12 மி.மீ. கொண்ட நீள்வட்டமாக்கினேன். எதிர்ச்சுவரை நேர்செங்குத்தாக விடாமல், மேலே விளிம்பிலிருந்து கீழே உள்ளே போகும்போது வெளிப்பக்கமாக ஏழு டிகிரி அளவில் சாயும்படி அரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். கையால் செய்யும்போது ஏழா எட்டா என்று அளக்க முடியாது. அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு அரத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் கண் பழகிவிடும். மேல்விளிம்பு கூராக இருக்க வேண்டும். கூர் என்றால் விரலை வெட்டுகிற கூர் இல்லை, நகத்தை அதன்மேல் இழுத்தால் மெல்லிய சீவல் வருகிற அளவு. உள்ளே அடிவிளிம்பில் நின்ற பிசிறை எடுத்துவிட்டு, பென்சிலில் சுற்றிய உப்புத்தாளால் அந்த அடிவிளிம்பைச் சுற்றிலும் லேசாக உருட்டிவிட்டேன். இதை மிகையாகச் செய்தால் 5 மி.மீ. ஆழம் கூட்டியதே வீணாகிவிடும். ஐந்தாறு இழுப்பு, ஊதிப் பார்ப்பது, மறுபடி ஐந்தாறு இழுப்பு என்று போவதுதான் வழி. ராவியது திரும்ப வராது.

இந்த இரண்டு வேலையோடேயே அடி டி மாறிவிட்டது. அழுத்தினால் தாவாமல் அழுத்தத்தை வாங்கிக்கொண்டு இன்னும் கெட்டியாகிறது. காற்றுச் செலவும் குறைந்தது, நண்பர் ஒரு ஜிக்கின் முதல் பகுதியை ஒரே ஒரு மூச்சு இடைவெளியில் முடித்தார். ஆனால் மேல் ஸ்தாயிச் சுருதி அப்படியே தாழ்ந்துதான் இருந்தது. இருக்கத்தானே செய்யும், குறுகல் இன்னும் வரவில்லை.

குறுகலைக் கொண்டுவருவதுதான் இந்தக் குழலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிவிசி குழாயின் உட்பகுதியை போம் செய்தது போல வளைவாகக் குறுக்க முடியாது. அதற்குப் பதில் குழாய்க்குள் ஒரு பக்கமாக ஒரு ஆப்பை ஒட்டிவிடலாம். ஃபஹார்டோ ஆப்பு என்று அதைச் சொல்கிறார்கள், ரவுல் ஃபஹார்டோ என்பவர் பெயரால் வந்தது, அமெரிக்காவில் பிவிசி குழல் செய்கிறவர்கள் எடுத்துக்கொண்ட வழி. ஊதுதுளையை ஒட்டித் தடிமனாக ஆரம்பித்து, உடம்பை நோக்கிப் போகப் போக மெலிந்து மறைந்துவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது? குழாயில் காற்று வேகமாக ஓடும் இடத்தில் குறுகல் வைத்தால் சுருதி இறங்கும், அழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் வைத்தால் சுருதி ஏறும். ஊதுதுளைப் பக்கம் ஓட்டம் அதிகமான முனை. அங்கிருந்து கால் அலைநீளம் தள்ளி அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஆக அந்தக் கால் அலைநீளத்தில் பாதியைத் தாண்டினால் குறுகலின் விளைவு திசை மாறுகிறது. அடி டி-யின் அதிர்வெண் 294, கால் அலைநீளம் 29 செ.மீ. மேல் ஸ்தாயி பி-யின் அதிர்வெண் 988, கால் அலைநீளம் 9 செ.மீ.-க்குக் கிட்டத்தட்ட. ஊதுதுளை சிறியது என்பதால் அதுவே 4 செ.மீ. குழாய்க்குச் சமமாக நடந்துகொள்கிறது. இப்போது ஊதுதுளையைத் தாண்டி ஏழெட்டு செ.மீ. நீளத்துக்கு ஓர் ஆப்பு வைத்தால், பி-யைப் பொறுத்தவரை அது முழுக்க அழுத்தப் பகுதியில் விழுகிறது, சுருதி ஏறுகிறது. அடி டி-க்கு அதே ஆப்பு ஓட்டப் பகுதிக்குள்ளேயே நின்றுவிடுகிறது, சுருதி கொஞ்சம் இறங்குகிறது. ஒரே துண்டு கீழே இறக்கி மேலே ஏற்றுகிறது, இடைவெளி விரிகிறது. நமக்கு வேண்டியதும் அந்த விரிவுதான்.

எவ்வளவு தடிமன்? போமின் 19-க்கு 17 என்பது குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பு. 20.9 மி.மீ. குழாயின் பரப்பு 343 சதுர மி.மீ., அதில் ஐந்தில் ஒன்று 69. குழாயின் ஒரு பக்கத்தைத் தட்டையாக அடைத்து அந்த 69-ஐ மறைக்க வேண்டுமென்றால் தடித்த முனையின் உயரம் 5 மி.மீ.-க்குச் சற்று மேல் வர வேண்டும். இது ஆரம்பக் கணக்கு மட்டும்தான், ஏனென்றால் ஆப்பின் நீளமும் வாசிப்பவரின் உதடும் இதை மாற்றும். நான் முதலில் மரச்சீவலில் ஒரு ஆப்பு செய்து, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, வாசித்துப் பார்த்துக் குறைத்தேன். சரியானதும் அதே அளவில் எம்-சீல் பிசைந்து வைத்தேன். வைக்கும் இடத்தைக் கரகரவென்று கீறிவிட வேண்டும், வழுவழுப்பான பிவிசியில் எம்-சீல் ஒரு தட்டில் கழன்றுவிடும். ஊதுதுளைப் பக்கத்து முனையைச் செங்குத்தான படியாக விடாமல் சரிவாக்கிவிடுவதும் அவசியம். பிளாஸ்டிக் ஈரத்தைக் குடிக்காது, மூச்சின் நீர் முத்து முத்தாக உள்ளே நின்றுகொண்டு படி இருக்கும் இடத்தில் சேரும், கொஞ்ச நேரம் வாசித்ததும் சத்தம் மங்கும்.

அடைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊதுதுளையின் மையத்திலிருந்து குழாயின் உள்விட்ட அளவு தள்ளி வைப்பது ஆரம்பத்துக்கு நல்ல இடம். துளையை நோக்கித் தள்ளினால் மேல் ஸ்தாயி ஏறும், இழுத்தால் இறங்கும். ஒட்டிவிடாமல் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்ட நகரும் அடைப்பாக வைத்தால் ஆப்பில் மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசத்தை இதில் எடுத்துவிடலாம். ஆப்பே இல்லாத குழலில் அடைப்பை மட்டும் உள்ளே தள்ளிச் சுருதியைச் சரிக்கட்டப் பார்க்கிறவர்கள் உண்டு. மேல் சுரங்கள் கொஞ்சம் சரியாகும், ஆனால் கீழ் ஸ்தாயி மெலிந்துவிடும். அந்த விலை எனக்குச் சம்மதமில்லை.

ஆப்பு வைத்தபின் கீழ் ஸ்தாயி சற்றுத் தாழ்ந்தது, எதிர்பார்த்ததுதான். தலைப்பகுதியின் இணைப்பு முனையில் கொஞ்சம் அறுத்து, பொதுச் சுருதியான ஏ 440-க்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் விரல்துளைகளில் கை வைத்தேன், அதுவும் எஃப் ஷார்ப்பையும் ஏ-யையும் மட்டும், அரத்தால் மேல்பக்கமாக லேசாக. இந்த வரிசை முக்கியம். தலை சரியாவதற்கு முன் துளைகளைப் பெரிதாக்கியிருந்தால், மேல் ஸ்தாயிக்காகச் செய்த திருத்தம் கீழ் ஸ்தாயியைக் கெடுத்திருக்கும், பிறகு தலையைச் சரிசெய்ததும் எல்லாத் துளையும் தப்பாகியிருக்கும்.

இப்போது டி-யிலிருந்து பி வரை இரண்டு ஸ்தாயியும் உதட்டை உருட்டாமல் பொருந்துகின்றன, ட்யூனர் முள் நடுவை விட்டு அதிகம் விலகுவதில்லை. நண்பர் மரக்குழலையும் இதையும் மாற்றி மாற்றி வாசித்தார். அடி டி-யில் மரக்குழல் இன்னும் மேல் என்பது அவர் தீர்ப்பு, நடு ஸ்தாயி ஜி, ஏ இரண்டும் இதில் தெளிவாக இருக்கிறதாம். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

தீராத குறை ஒன்று இருக்கிறது. 20.9 என்பது டி குழலுக்குக் கொஞ்சம் அகலமான உள்விட்டம், அதனால் மேல் ஸ்தாயி பி-க்கு மேலே மூன்றாம் ஸ்தாயியின் டி வறட்சியாகத்தான் வருகிறது. ஐரிஷ் மெட்டுகள் பெரும்பாலும் பி-யோடு நின்றுவிடுவதால் நண்பருக்குக் கவலையில்லை. 19 மி.மீ. உள்விட்டத்தில் தடித்த சுவர் கொண்ட குழாய் கிடைத்தால் சேணத்தின் உயரத்தைக் குறைத்து, ஆப்பின் தடிமனை அந்த அளவுக்கு மறுபடி கணக்கிட்டு, தலைப்பகுதியை முதலிலிருந்தே இந்த வரிசையில் செய்து பார்க்கப் போகிறேன்.